துரைசாமி மாப்பிள்ளை தள்ளிவைத்த பூவன்பழம்

நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். போன செவ்வாய் காலை தங்கச்சி சரசு போனில், "அண்ணா, இவரு எந்திரிக்க மாட்டீங்கறாருங்க" என்றாள். மாரடைப்பு. அருள்புரம் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், தும்மல் சக்கரவர்த்தி, என் மாப்பிள்ளை துரைசாமி உறக்கத்திலேயே போய்விட்டார்.

மழை விட்டுக் காலி மனைகளில் பார்த்தீனியம் பூத்தால் அவருடைய ஆட்சி தொடங்கும். அவர் அருள்புரத்தில் தும்மினால் சோமனூரில் தறிகள் நிற்கும். ஒருமுறை கட்டிங் மேசையில் விரித்திருந்த துணி மொத்தமும் பறந்துபோய், பல்லடம் ரோட்டில் வந்த பஸ்ஸுக்குச் சட்டை மாட்டியது.

ஊரே வைத்தியம் சொன்னது. தயிர் ஆகாது என்றார் ஒருவர், கத்தரிக்காய் என்றார் இன்னொருவர், கடலை என்றார் வாட்ச்மேன். சரசு ஒவ்வொன்றாய்த் தட்டிலிருந்து எடுத்தாள். மிளகு ரசமும் சோறும்தான் மிஞ்சின. தும்மல் மட்டும் குறையவில்லை.

"இனிச் சோறு ஒண்ணுதான் பாக்கிங்க மச்சான். அதையும் நிறுத்திப்போட்டா தும்மறதுக்கு ஆளே இருக்காது" என்றார் மாப்பிள்ளை. அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இந்த வருசம் பூ பூத்தபோதுதான் அலர்ஜி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் எல்லாவற்றையும் சாப்பிடச் சொல்லிவிட்டு, "வாழைப்பழம் தின்னா தொண்டை அரிக்குதுங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் பூவன்பழம் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டதாகவே கணக்கில்லை.

"சிலர் உடம்புக்கு அந்தப் பார்த்தீனியப் பூந்தூளும் இந்தப் பழமும் ஒண்ணாத் தெரியுமுங்க. பூ முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"தை பொறக்கட்டும். ஒரு தாரையே முடிச்சுப்போடறேன்" என்று பழக்கடையைத் தாண்டும்போதெல்லாம் மாப்பிள்ளை சபதம் செய்வார். மார்கழியையே அவரால் தாண்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் படையலில் தயிர், கத்தரிக்காய், கடலை எல்லாம் இலைக்கு வந்தன. சரசு பூவன்பழத்தைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"அண்ணா, இன்னும் தை பொறக்கலீங்களே. வெச்சா அவருக்குத் தொண்டை அரிக்குமுங்களா?"

வாய் திறந்தாலே பொய் கொட்டும் நான் கையை நீட்டினேன். பழத்தை வாங்கி, உரித்து, இலையில் வைத்தேன். ஈ வந்து உட்கார்ந்தது. தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போய் வாருங்கள் மாப்பிள்ளை. நின்ற தறியும் பஸ் போட்ட சட்டையும் என் சொந்தச் சரக்கு. பழத்தை நிறுத்தியதும் உங்கள் தொண்டை அரிப்பு அடங்கியது. இத்தனை வைத்தியத்தில் அந்த ஒரு துளி மட்டும் நிஜம். அதை வைத்துக்கொண்டு நானும் சரசுவும் இனி என்ன செய்வது?