லைட்டா ஜுரம்

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். காலையிலிருந்து ஒரு கார் கம்பெனியின் ஏசி அறையில், புதிய நிறத்துக்குத் தமிழ் விளம்பரம் எழுதிக் களைத்துவிட்டேன். 'சட்டில்' (subtle) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்காக அரை நாள் போயிற்று. மென்மை, நுட்பம், நளினம் எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "பளபளப்பு இருக்கணும் சார், ஆனா உத்துப் பாத்தாத்தான் தெரியணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நிழற்குடையில் என் பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண். இந்த வெயிலிலும் துப்பட்டாவைக் காதுவரை சுற்றிக்கொண்டு போனில் பேசுகிறாள்.

"லைட்டா ஜுரம்தாம்மா. மாத்திரை போட்டுக்கினேன். வூட்லதான் படுத்துனு கீறேன்."

போனை வைத்ததும் அவளுக்குப் பல் கிட்டுகிறது.

"லைட்டா மாதிரி தெரியலையேம்மா," என்கிறேன்.

"நேத்துலேர்ந்து கொதிக்குது சார். சொன்னா அம்மா பதறிக்கினு கெளம்பி வந்துடும்."

"லீவு கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். சுத்தமா முடியலன்னு சூப்பர்வைசர்கிட்ட உண்மையத்தான் சொன்னேன். லைட்டாதான் இருக்கும், லைன்ல ஆள் இல்ல, வாம்மான்ட்டாரு."

கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. ஏறுகிறாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். டிரைவர் அவளைப் பார்த்து வழக்கம்போலச் சிரிக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.