பதினாறாம் வாய்பாடும் அரைச்சுவரும்

தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஓர் ஓலைக் கொட்டகை. சுற்றிலும் இடுப்பளவு அரைச்சுவர். ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன்.

எங்கள் சார் அடிக்கிற ஆள் இல்லை. அதனால் பாவம், வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி அரைமணியில், பதினாறாம் வாய்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறவர்கள் மணி அடிக்கும்வரை வெளியே போய் விளையாடலாம் என்று அறிவித்தார். முதலில் ஒப்பித்தவள் நான். கர்வம் தாங்காமல், வாசல் வழியே போகாமல் சுவரைத் தாண்டிக் குதித்தேன்.

குதித்த பிறகுதான், வெளியே யாருமே இல்லை என்பது தெரிந்தது. மணலில் கட்டம் கீறி, சில்லு எறிந்து, நானே நொண்டி, நானே ஜெயித்து, நானே தோற்றேன். என் கூட்டுக்காரியோ உள்ளே பதினாறு ஏழில் மூச்சு முட்டி நின்றாள். பள்ளி விட்டதும் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டுக்கு ஓடிவிடுவாள். அவளோடு விளையாட எனக்குக் கிடைக்கக்கூடியது அந்த அரைமணிதான். அதுவும் வீணாகிறதே என்று அழுகை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வெளியே வந்ததும் சுவரை ஒட்டிப் பத்துக் கட்டம் கீறினேன். ஒவ்வொன்றிலும் வரிசையாக விடையை எழுதினேன். பார்க்கிறவர்களுக்குச் சில்லு விளையாட்டு. எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வாய்பாடு.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு நிமிஷம் நிற்கவில்லை. கூட்டுக்காரி முதல்முறையாகத் தயங்காமல், பதினாறு ஏழு நூற்றி இருபத்திரண்டு என்றாள். சார் தப்பு என்று தலையை ஆட்டி உட்காரச் சொன்னார். அடுத்து எழுந்தவனும் சுவர்ப்பக்கம் பார்த்து நூற்றி இருபத்திரண்டு என்றான். மூன்றாவது ஆளும் அதையே சொன்னபோது சார் எழுந்து சுவரோரம் வந்தார். நான் ஏழாவது கட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். என் காலுக்குப் பக்கத்தில், அவசரத்தில் 112-க்குப் பதிலாக நான் எழுதிய 122.

“ஏட்டி, இது யாருக்க கைவேலை?”

என் கைவேலைதான் என்று ஒப்புக்கொண்டேன். கூட்டுக்காரி வாய்பாட்டைப் படித்து முடிக்கும்வரை நானும் அவள் பக்கத்தில் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது தண்டனை. இதைத் தண்டனை என்று சார் நினைத்ததை எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கப் போகிற வழி, வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஏழாம் படியை உருவேற்றினேன். அவள் திரும்பத் திரும்ப அதே நூற்றி இருபத்திரண்டைச் சொல்ல, நான் திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சில்லை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்தது நான். ஆறு படி வரைக்கும் தண்ணீராய் ஓடியது. ஏழாவதில் என் வாயில் வந்தது நூற்றி இருபத்திரண்டு. கொட்டகையே சிரித்தது. சார் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். வெட்கத்தில் பலகையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

தொப்பென்று ஒரு சத்தம். கூட்டுக்காரி சுவரைத் தாண்டி உள்ளே குதித்திருந்தாள். நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயித்தவள் ஏன் திரும்பி வந்தாள் என்று சார் கேட்டார்.

“தனியா நிண்ணு என்னத்தெ விளையாட, சார்?”

சார் என்னிடம் வாய்பாட்டை மறுபடி கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து வெளியே கை காட்டினார்.