ஜப்பான் பாரில் எட்டுப் பங்கு

காலை ஐந்தரைக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் ஓட்டோ பிடித்தேன். இறக்கக்கண்டிக்கு இருபது கிலோமீற்றர், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். "குளிக்கப் போறீங்களோ, திமிங்கிலம் பாக்கவோ?" என்று சாரதி கேட்டார். விழுந்த விமானம் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓட்டோவை வேகமாக விட்டார்.

விசர் பிடித்த பைத்தியம் என்று நினைத்திருப்பார். எனக்கும் பாதி அந்த எண்ணம்தான். லண்டனில் நான் பராமரிக்கும் மார்கரெட் எண்பதைத் தாண்டியவர். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில், அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது, அவருடைய அப்பா இங்கே திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில், பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் வானொலிக்காரராக இருந்தார். பல தடவை போய்த் திரும்பிய விமானம் அது. கடைசித் தடவை, கரை தெரியும் தூரத்தில், எட்டுப் பேரோடும் கடலில் விழுந்தது. ஒருவருக்கும் கல்லறை இல்லை. நம் நாட்டில் அது புதிதில்லைதான். நான் புறப்படும்போது மார்கரெட் ஒன்றுதான் கேட்டார்: "அங்கே அவரை நினைக்க யாராவது இருக்கிறார்களா? பார்த்து வந்து உண்மையைச் சொல்." பொய்தான் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

ஆறரைக்கு, சிநேகிதியின் உறவினரான மீனவர் யோகராசா அண்ணையின் படகில் ஏறினேன். முதலில் வலை இழுத்தார். முழு வலைக்கும் இருபது விளைமீன்கூட இல்லை. கடலைத் திட்டிக்கொண்டே படகைத் திருப்பினார். கரையில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியும் ஒற்றைப் பனையும் ஒரே நேரில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இந்தப் பாறைத்திட்டுத்தான் ஜப்பான் பார். கீழ பிளேன் கிடக்கு. அப்பு காலத்தில இருந்து வலை சிக்கும்."

"ஜப்பான்காரற்ற இல்லை, அண்ணை. சீனக்குடாவில இருந்து போனது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வயசான அம்மாவின்ர அப்பா இதுக்குள்ளதான்."

குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர், ஒரு தகரத் துண்டுகூடத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தது இதற்காகவா என்று அழுகை வந்தது.

அவர் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கடலில் விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கீழ பிளேனில கிடக்கிறவற்ற பங்கு. அவற்ற இடத்தில எல்லோ தொழில் செய்யிறம். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு மீன். அப்பு குடுத்தவர், நானும் குடுக்கிறனான்."

"ஒண்டோ? எட்டுப் பேர், அண்ணை."

அவர் முகம் சுருங்கிப்போனது. "எட்டோ? ஓட்டின ஆள் மட்டும் எண்டெல்லோ நினைச்சம்! இவ்வளவு காலமும் ஏழு பேரைப் பட்டினி போட்டிட்டம்."

இன்றைக்கு மீனே இல்லையே, விடுங்கள் என்று தடுத்தேன்.

"ஏலாது, தங்கச்சி. தெரிஞ்சாப் பிறகு ஏலாது."

ஏழு மீன்களையும் பெரிதாகப் பார்த்து, ஒவ்வொன்றாக விட்டார். பொய்யோடு தயாராக வந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு நிலாவெளியிலிருந்து மார்கரெட்டோடு பேசினேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். என்ன மீன் என்று கேட்டார். விளைமீன் என்றேன்.

"அப்பாவுக்கு மீன் வாடையே ஆகாது என்று அம்மா சொல்லுவார்," என்றார்.

தொடர்ந்து மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.