பதினோராவது குழாய்

சுற்றுச்சூழல் சுகாதாரம் என்று நான் முதுகலைக்குச் சேர்ந்தபோது எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. கோயமுத்தூரில் விடுதியில் தங்கிச் சாக்கடையைப் பற்றிப் படிக்கிறாள் என்றுதான் செய்தி பரவியது. கல்யாண வீடுகளில் மாமன் முறையுள்ளவர்கள், எங்கூட்டுச் சாக்கடை அடைச்சுக்கிச்சு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ அம்மணி என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உங்கூட்டுச் சாக்கடைக்கு இந்தப் படிப்புப் பத்தாதுங்க என்று ஒருவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பல்லடம் பக்கம் எங்களுக்குத் தறிக்குடோன் இருந்தது. வீட்டுக்கும் குடோனுக்கும் ஒரே சுவர். தறி ஓடுகிற வரைக்கும் நன்றாகத் தூங்குவோம். கரண்ட் போய் சத்தம் நின்றால்தான் வீடே விழித்துக்கொள்ளும். சத்தத்தில் வளர்ந்தால் காது அப்படித்தான் ஆகிவிடும். மனசும் அப்படி ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் வருடம் கடைசி அரையாண்டு களப்பயிற்சி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு சின்னப் பேரூராட்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஊர் பேர் வேண்டாம். அங்கிருந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர்தான் எனக்கு மேற்பார்வை. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். தொட்டியிலிருந்து தொடங்கி ஊர்க் கோடி வரைக்கும் பதினோரு தெருக்குழாய்களைக் குறித்துக் கொடுத்திருந்தார். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் கண்ணாடி ட்யூபும் ஒரு பாட்டில் மருந்தும் இருக்கும். ட்யூபில் தண்ணீரைப் பிடித்து மருந்தில் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று பெட்டியிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எண்ணை எழுத வேண்டும். கடைசிக் குழாயில் 0.2 இருந்தால் போதும், வழியில் எந்த அழுக்கும் கலக்கவில்லை என்று அர்த்தம். நிறமே வராவிட்டால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். இரண்டு வருடப் படிப்பு, விஷயம் இவ்வளவுதான்.

அந்த எண்களை யாரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை தோறும் இன்ஸ்பெக்டர் ஆறு நாளுக்கும் சேர்த்து, டீயைக் கீழே வைக்காமலே கையெழுத்துப் போடுவார். பேராசிரியர் மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துகளை எண்ணிவிட்டுப் போவார். அந்த ஊரில் என் எண்ணுக்கு மதிப்புக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான்.

பதினோராவது குழாய்க்கு எதிர் வீட்டுக்காரர் அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. தறிக்குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலை. முதல் வாரமே என் பக்கத்தில் வந்து நின்று, இது எதுக்கு அம்மணி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு தினமும் குடத்தை வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பார். ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அவரும் அண்ணாந்து பார்ப்பார். ரேஷன் சீமெண்ணெயில் தினமும் தண்ணீர் காய்ச்சினால் இருபதாம் தேதியே ஸ்டவ் அணைந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் நான் சொல்கிற நாளில் மட்டும் காய்ச்சுவார். தண்ணீர் திறக்கிற ஆள் பிளீச்சிங் பவுடர் போட மறந்துவிட்டு, மாதத்தில் இரண்டு மூன்று நாள் நிறம் வராமல் போகும். அன்றைக்கு அவர் வீட்டில் மட்டும் தண்ணீர் கொதிக்கும்.

அவருக்கு ஒரே மகள். என் வயதுதான். பெருந்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்து, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, எலுமிச்சைச் சாறு ரெடியாயிருச்சுங்களா என்று என் ட்யூபைக் கேலி செய்வாள். அவளோடு மட்டும் எனக்கு வாய் நீளவில்லை. அவளைப் பிடித்திருந்தது.

மாசி மாதக் கடைசியில் மருந்து அடிப்பாட்டிலுக்குப் போய்விட்டது. புது பாட்டிலுக்கு நான்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். இரண்டு பஸ் மாறி அரை நாள் போய்விடும். அடுத்த வாரம் எப்படியும் கல்லூரிக் கூட்டத்துக்குப் போகிறோமே, அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதுவரைக்கும் இருந்த சொட்டுகள் தினமும் பத்துக் குழாய்க்குத்தான் காணும். பதினோராவது ஊர்க் கோடியில் பள்ளம் தாண்டி இருந்தது. அதற்கு முந்தைய நாட்களில் அங்கே 0.2 இருந்ததால் அதையே எழுதினேன். களைப்பு, வெயில் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சோம்பேறித்தனம்தான், வேறு ஒன்றுமில்லை.

அன்றைக்கு அந்த எதிர் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் பத்தாவது குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன கண்ணு, இன்னைக்கு அங்க காணமே? குடிக்கலாமா?"

"நேரத்துலயே வந்து பாத்துட்டுப் போயிட்டனுங்க அக்கா. குடிக்கலாமுங்க."

நாக்குக் கூசவில்லை. அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் தாயும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்காகப் பஸ் ஏற, நான் நின்ற பத்தாவது குழாய்ப் பக்கம் வந்தார்கள். மகள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, நின்ற வாக்கில் மடமடவென்று குடித்தாள். என்னிடமும் நீட்டினாள். நீங்க பாத்த தண்ணிதானுங்க, குடிங்க என்றாள். இப்போதுதான் டீ குடித்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீ குடித்திருக்கவில்லை. அவர்கள் பஸ் ஏறிய பிறகும் நான் கல்லூரிக்குப் போய் மருந்து வாங்கி வரவில்லை. 

ஐந்து நாள் அப்படிப் போனது. ஆறாம் நாள் புது பாட்டிலோடு பதினோராவது குழாய்க்குப் போனேன். சொட்டு விட்டேன். நிறம் வரவில்லை. இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தேன். வரவில்லை. பத்தாவது குழாயில் நல்ல மஞ்சள் இருந்தது, தொட்டியில் தவறு இல்லை. இடையில் எங்கேயோ பைப் உடைந்திருக்கிறது. பக்கத்தில் குடத்தோடு நின்ற அவர் தானாகவே, காய்ச்சோணுமா கண்ணு என்று கேட்டார். ஆமாங்க என்றேன். நேத்து நல்லா இருந்துச்சல்ல என்றார். இருந்துச்சுங்க என்றேன்.

ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் தோண்டிவிட்டார்கள். சாக்கடைக்கு அடியில் போகிற இடத்தில் இணைப்பு விட்டுப்போய்க் கிடந்தது. உள்ளே கறுப்புத் தண்ணீர். என் நோட்டில் நேற்று 0.2, இன்று சைபர். உடைந்த அன்றைக்கே கண்டுபிடித்த பெண் என்று இன்ஸ்பெக்டர் பேரூராட்சித் தலைவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பேராசிரியர் வகுப்பில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து அந்தத் தெருவில் இரண்டு பேருக்குக் காமாலை வந்தது. நாங்கள் படித்த முறைப்படி நோய் வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். காலண்டரில் விரலை வைத்து எண்ணினேன். அந்த ஐந்து நாட்களும் நடுவில் வந்து நின்றன. பாடத்தில் இன்னொன்றும் உண்டு. தண்ணீரால் வந்த காமாலை என்றால் முதல் வேலையாகத் தெருவிலுள்ள கர்ப்பிணிகளைப் பட்டியல் எடுத்துக் கண்காணிக்க வேண்டும், அவர்களைத்தான் அது கொல்லும். அது தெரிந்த ஒருத்தி அந்த அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் என் நோட்டைப் பிரித்தார். ஒரே ஒரு நாள்தான் பழுது, அன்றைக்கே சரிசெய்தாயிற்று, தண்ணீர் காரணமில்லை என்று முடிவுகட்டினார். ஏதோ கல்யாண விருந்து என்று எழுதினார்கள். பட்டியல் எடுக்கவில்லை. ஐந்து நாள் பார்க்கவில்லை என்று நான் வாயைத் திறந்திருந்தால் போதும், பட்டியல் எடுத்திருப்பார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் பேனாவை மூடிப் பெட்டியில் வைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து அந்த மகளுக்குக் கண் மஞ்சளித்தது. ட்யூபில் மஞ்சளைப் பார்த்தால் நிம்மதியாகிப் பழகிய கண் எனக்கு. அவளைப் பார்த்ததும் உள்ளே ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். தறிச் சத்தம் மாதிரி ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சூட்டுக் காமாலை, இறங்கிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு இன்றைக்கே கொண்டுபோங்கள் என்றேன். தண்ணியினாலயா அம்மணி என்று கேட்டார். தெரியலீங்க என்றேன். தண்ணியா இருக்காது, நீதான் பாத்துப் பாத்துச் சொன்னயே என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவளுக்கு நினைவு தப்பிய பிறகுதான் கொண்டுபோனார்கள். பெண் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் பதினோராவது குழாயடியில் அவர் குடத்தோடு நின்றார். நான் சொட்டு விட்டேன். மஞ்சள் வந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நீ காய்ச்சச் சொன்ன நாளெல்லாம் காய்ச்சிப்போட்டுத்தான் குடுத்தேன் கண்ணு. நடுவுல என்னைக்கோ நான் மறந்துபோட்டனா? உன்ற நோட்டுல பாத்துச் சொல்லேன். எந்த நாளு உட்டுப்போட்டேன்?"

நோட்டு என் கையில்தான் இருந்தது. அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு, அதற்குச் சாட்சியாக என்னிடம் வந்து நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீங்க உடலீங்க அக்கா. அந்த அஞ்சு நாளு நான் இங்க வரவே இல்லீங்க. பாக்காமயே குடிக்கலாம்னு சொல்லிப்போட்டேன்."

அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதை நான் விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அஞ்சு நாளா என்று மட்டும் கேட்டார். குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூடிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, போன உசுரு வரப்போகுதுங்களா, உங்க படிப்பும் என் வேலையும் போறதுதான் மிச்சம் என்றார். நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டைத் திறக்கச் சொல்லி நான் சண்டை போடவில்லை. பேராசிரியரிடமும் போய்ச் சொல்லவில்லை. பரீட்சை எழுதினேன். களப்பயிற்சிக்குத்தான் நிறைய மார்க் வந்தது. பிறகு வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் தண்ணீர் பார்க்கிற வேலைதான். கீழே வேலை பார்க்கிற பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருகிற எண் மூன்று நாள் ஒன்றுபோல இருந்தால், நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ராட்சசி என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

பயிற்சி முடிய இன்னும் சில வாரம் இருந்தது. தினமும் கடைசிக் குழாய்க்குப் போனேன். அவர் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார், எனக்காக நிற்பதில்லை. கடைசி நாள் போனபோது மாதம் இருபத்தைந்தாம் தேதி தாண்டியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ட்யூபில் நல்ல மஞ்சள். அவர் கேட்காமலே சொன்னேன், இன்னைக்கு நல்லா இருக்குதுங்க அக்கா, குடிக்கலாமுங்க என்று.

சரிங்க என்றார். சுவரோரம் மூன்று கல்லைக் கூட்டி, தென்னை மட்டையை எரித்து, கரி பிடித்த போசியில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். மட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, குழந்தையின் கண்ணில் புகை படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டார்.