நீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

மலையைக் கீழே இருந்து பார்த்தாலே எனக்குப் போதும். கோயம்புத்தூரில் பிறந்தவனுக்கு மேற்கே திரும்பினால் மலை. அதன் மேல் ஏறி வேறு பார்க்க வேண்டுமா என்பது என் கட்சி. என் மனைவி எதிர்க்கட்சி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி, வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவள். முதுகில் காலி கேனைக் கட்டிவிட்டு அவளுக்கு நீச்சல் பழக்கியவர் அவள் அப்பா. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒரே ஒரு நாள் நகரத்து நீச்சல் குளத்தில் இறங்கினாள். ஆஸ்பத்திரி கழுவிய தண்ணீர் மாதிரி நாறுகிறது என்று ஏறி வந்துவிட்டாள். அதன்பின் அவளுக்கு மலைத் தண்ணீர்தான். லீவு கிடைத்தால் என்னையும் என் மாமனாரையும் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள்.

கல்லாற்றுக்கு மேலே பாறைக் குழிகள், வால்பாறைப் பக்கம் ஓடைகள், ஊட்டிக்கு மேலே ஏரிகள் என்று சுற்றினோம். நீலகிரியில் ஏரி என்று சொல்வதில் பாதி, மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கியது என்று சொல்லி அவளைச் சீண்டுவேன். யார் கட்டினார்கள் என்று தண்ணீருக்குத் தெரியுமா என்பாள். அங்கே இறங்க விடமாட்டார்கள், கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஓடைகளில்தான் அவள் ஆசை தீரக் குளிப்பாள். அட்டைகள் அவளை விட்டுவிட்டு என்னைத்தான் கடிக்கும். நல்ல ரத்தமாகப் பார்த்துத்தான் கடிக்கின்றன என்று மாமனார் சமாதானம் சொல்வார்.

அவள் சுடிதாரோடு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியதும் மாமனார் ஒரு காரியம் செய்வார். வழியைப் பார்த்த மாதிரி ஒரு பாறையைத் தேடிப் பிடித்து, நீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். யாராவது வந்தால், பெண்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார். பின்னால் அவள் சிரிப்பதும் நீரை அடிப்பதும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. சத்தம் நின்றால் மட்டும், "கண்ணு?" என்பார். "இருக்கறனுங்கப்பா" என்று பதில் வரும்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு ஐசியூ. ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒரு வாரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

சில மாதம் கழித்து மாமியார் போன் செய்தார். "ஊட்டுக்குள்ள உக்காந்து செவுத்தையே பாத்துட்டு இருக்காருங்க மாப்பிள்ளை. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்கே கூட்டிப் போவது? எங்கள் இருவருக்கும் சேர்ந்து போகத் தெரிந்த இடம் மலை ஒன்றுதான். அப்படித்தான் மலையே பிடிக்காத நானும், பேச்சே வராத அவரும் மறுபடியும் மலை ஏறத் தொடங்கினோம்.

அவள் போன பிறகு அவர் தண்ணீரைத் தொடவில்லை. வாய்க்காலில் மீனாகத் திரிந்தவர். ஆனால் போன இடத்திலெல்லாம் பழைய மாதிரியே ஒரு பாறையைப் பிடித்து, நீருக்கு முதுகு காட்டி, வழியைப் பார்த்து உட்கார்ந்தார். யாருக்கு அந்தக் காவல் என்று நான் கேட்கவில்லை. சும்மா நிற்பானேன் என்று முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பேன். மஞ்சள் விலையைப் பற்றியும் அவருடைய மூட்டு வலியைப் பற்றியும் பேசுவோம். கல்லில் கால் வைக்கும்போது, "பாத்துங்க மாப்பிள்ளை, வழுக்கும்" என்பார். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அத்தனை தூரம் நடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆபீஸில், ரேஷன் கார்டில், சொந்தக்காரர்கள் வாயில் எல்லாம் நான் மனைவியை இழந்தவன். அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடும்போது மட்டும் இன்னும் அவளுடைய புருஷன்.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தனக்குப் பிறகு எனக்கு யார் என்று அழுவாள். கடைசியில் அன்னூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அவளும் ஒருமுறை வாழ்ந்து முறிந்து வந்தவள், அதிகம் பேசாதவள். எனக்கும் அவளிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை: மாமனார் இனி எனக்கு என்ன ஆவார்?

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். மூத்த தாரத்தின் வீட்டார் வந்து புதுப்பெண்ணுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிட்டால், அவளும் அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுவாளாம். உறவு அறாதாம். பல குடும்பங்களில் அப்படி நடந்திருக்கிறதாம். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. புதுப் பெண்டாட்டியும் வேண்டும், பழைய மாமனாரும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அடுத்த முறை மலைக்குப் போகும்போது கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் பர்கூர் மலைக்குப் போனோம். அந்தியூரில் சேர்ந்துகொண்டு பஸ் ஏறி, மேலே இறங்கிக் காட்டோரமாக நடந்தோம். ஓடை ஓரிடத்தில் பாறையைக் குடைந்து ஒரு மடு போல் தேங்கியிருந்தது. அடி தெரியாத பச்சைத் தண்ணீர், சுற்றிலும் மூங்கில். வெயில் உச்சிக்கு வந்தும் குளிர் விடவில்லை. மாமனார் வழக்கம்போல உட்காரப் பாறை தேடுவார் என்று பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். வேட்டியை அவிழ்த்துவிட்டுத் துண்டைக் கட்டினார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

சத்தமே இல்லாமல் நீந்தினார். அக்கரைப் பாறையைத் தொட்டுத் திரும்பினார், மறுபடி போனார். மெலிந்த முதுகு மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. மனுஷன் தேறிவிட்டார், இனிப் பிழைத்துக்கொள்வார் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நல்ல நேரம், இப்போது கேட்டுவிடலாம் என்று எண்ணினேன். நான் எப்போதும் இப்படித்தான், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடுவேன்.

அவர் கரையேறி இன்னொரு துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்த்திருப்பதைச் சொன்னேன். சொந்தக்காரர் ஒருவர் மூலம் முன்பே காதுக்கு வந்ததாகச் சொல்லி, நல்லபடியாக நடக்கட்டும் என்றார். பிறகு சேலை விஷயத்தைச் சொன்னேன். அவரும் மாமியாரும் வந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள் என்றேன். முன்பே யோசித்து வைத்த பேச்சு ஆதலால் நன்றாகவே பேசினேன்.

துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லாத பிறகும் பிழிந்தார்.

"வேண்டாமுங்க" என்றார். "அந்தப் புள்ளைக்கு அவங்கப்பா இருக்காரு. புள்ளை இல்லாதது எனக்குத்தான். அதுக்கு இன்னொருத்தரு புள்ளையக் கொண்டாந்து நிறுத்தி, கண்ணுன்னு கூப்புடச் சொன்னா, என்னால ஆகாதுங்க. வாய் வராது."

கோபம் இல்லை. மஞ்சள் விலை சொல்வது போலவே சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கையமர்த்தினார்.

"நீங்க நல்லா இருக்கோணும் தம்பி. அவளும் அதைத்தான் சொல்லுவா."

தம்பி. எங்கள் ஊரில் பஸ்ஸில் இடம் கேட்பவனும் தம்பிதான், கடையில் பொட்டலம் கட்டுபவனும் தம்பிதான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது, உறவும் கிடையாது. வாய் தவறி வந்ததோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். தவறவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் நீந்தியது தேறியதால் அல்ல என்பதும் அப்போதுதான் புரிந்தது. காவல் இருக்க இனி அங்கே எதுவும் இல்லை.

இறங்கும் வழியில் அவர் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் எனக்குக் கால் வழுக்கி, கையை ஊன்றிக்கொண்டேன். சத்தம் கேட்டு நின்றார். நான் எழும்வரை நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தார். உள்ளங்கை எரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரம்மா கன்னடம் கலந்த தமிழில், பையனா என்று என்னைக் காட்டி அவரிடம் விசாரித்தார். அவர் டீயை ஒரு வாய் குடித்து, நிதானமாக விழுங்கினார்.

"இல்லீங்க. தெரிஞ்ச தம்பி. தொணைக்கு வந்தாரு."

கடைக்காரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போனார். நான் மறுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அந்தியூர் பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ்ஸில் கூட்டம் இல்லை, பாதி சீட் காலி. நான் அவருடைய சீட்டின் அருகே போய்க் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"உக்காரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"உக்காருங்க" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.