நான் வெட்டிய இரண்டு வசனங்கள்

என் சிவப்புப் பேனையை நினைத்து எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. ஏதோ பழங்காலத்துக் கதை இல்லை, இரண்டு வருடத்துக்கு முன்னர்தான். திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில், ஞாயிறு காலைகளில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் எழுதப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பிள்ளைகளை அதட்டிய வாய் என்னுடையது. பெரியவர்களை அதட்ட முடியாது என்பதால் அந்த ஆத்திரமெல்லாம் பேனைக்குள் இறங்கிவிட்டது. என்னிடம் வந்த கொப்பி திரும்பிப் போகும்போது அதில் நீலத்தைவிடச் சிவப்புத்தான் கூட இருக்கும்.

ஒரு பன்னிரண்டு பேர் வருவார்கள். உப்புவெளி விடுதியொன்றில் அறை துப்புரவாக்கும் பெண், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் என்று பலவிதம். ஒருவர் வீட்டுவேலை செய்யாமல் வந்து, கொப்பியை மான் தின்றுவிட்டது என்றார். வேறு ஊரென்றால் ஏசியிருப்பேன். எங்கள் ஊரில் பஸ் நிலையத்தடியிலேயே மான்கள் நிற்பதால் நம்பத்தான் வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது அவர்களில் ஒருவரைப் பற்றி. மூதூர்க்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகும் லோஞ்சு என்ற இயந்திரப் படகு ஒன்றை ஓட்டுபவர். அவர் வேலை செய்த கம்பனி புதிதாகப் பெரிய லோஞ்சு ஒன்று வாங்கியிருந்தது. அதை ஓட்டுபவர் அன்றன்று நடந்ததை ஆங்கிலத்தில் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓட்டுவதில் இவரை வெல்ல ஆளில்லை, எழுதத்தான் தெரியாது. எழுதப் பழகிவிட்டால் பெரிய லோஞ்சு உங்களுக்குத்தான் என்று முகாமையாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் பதினைந்து சொற்கள் கொடுப்பேன். மற்றவர்கள் எல்லாவற்றையும் எழுதிப் பாடமாக்குவார்கள். இவர் மூன்றையோ நான்கையோதான் எழுதுவார். மிச்சத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"அதுகள் எனக்கு இன்னும் நடக்கேல்லை டீச்சர்," என்றார்.

சோம்பலுக்கு இப்படியும் ஒரு சாட்டா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன். தாமதம் என்பதற்கான சொல்லை அவர் ஒரு கப்பல் பிந்தி வந்த வாரத்தில்தான் கொப்பியில் ஏற்றினார். இரவல் என்பதற்கான சொல், பக்கத்து வீட்டார் ஏணி கேட்டு வந்த வாரத்தில் ஏறியது. அப்படி ஏறிய எந்தச் சொல்லையும் அவர் பிறகு மறந்ததும் இல்லை, பொருந்தாத இடத்தில் வைத்ததும் இல்லை. நானோ நடந்ததற்கும் நடக்காததற்கும் சேர்த்து ஒரு மூட்டைச் சொல்லோடு திரிபவள். அவருடைய கொப்பியைத் திருத்தும்போது எனக்கு மெல்ல ஒரு பயபக்தி வரத் தொடங்கியது.

அந்த வருடம் ஒருநாள் காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம், அவருடைய லோஞ்சு கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மீனவரின் சின்னப் படகில் மோதிவிட்டது. படகு பிளந்தது, எஞ்சின் அடியில் போய்விட்டது, மீனவர் கை முறிந்து தண்ணீருக்குள் கிடந்தார். இவரே குதித்து அவரைத் தூக்கினார். உயிருக்கு ஆபத்தில்லை.

கொழும்பில் இருந்த தலைமை அலுவலகம், சுக்கான் பிடித்தவரே நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும் என்றது. மீனவர்தான் லோஞ்சுகள் போகும் பாதைக்குள் வந்தவர், பிழை அவருடையது என்பது கம்பனியின் எண்ணம். அப்படியே முடிந்தால் பெரிய லோஞ்சு இவருக்கு. மாறி முடிந்தால் இருக்கிற சின்ன லோஞ்சும் கையைவிட்டுப் போகும், மீனவருக்குக் கம்பனி படகு செய்து கொடுக்க வேண்டியும் வரும்.

அடுத்த ஞாயிறு அவர் தன் வாக்குமூலத்தைக் கொண்டுவந்தார். கொப்பியில் கிழித்த ஒற்றையில் ஒரு பக்கம். பிழைகள் நிறைய. ஆனாலும் வாசித்துக்கொண்டு போகையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடல் அமைதி என்று எழுதியிருந்தார். சூரியன் எந்தப் பக்கம், லோஞ்சு என்ன வேகம், யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வசனம். பயங்கரம் இல்லை, துரதிர்ஷ்டம் இல்லை, அலங்காரம் மருந்துக்கும் இல்லை. நான் அந்த லோஞ்சில் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். பக்கத்தின் நடுவில் இரண்டு வசனங்கள் இருந்தன: "பின்னால் ஒரு கயிறு அவிழ்ந்து கிடந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் நான் முன்னுக்குப் பார்க்கவில்லை."

நான் அந்த இரண்டையும் வெட்டினேன்.

தேவையில்லாத விவரம், ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரிந்தவள், ஒரு நல்ல மனிதர் தன் கையால் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. மிச்சத்தை நல்ல இங்கிலிஷில் நீட்டி, இரண்டு பந்தியாக்கி, நானே கணினியில் அடித்தும் கொடுத்தேன். அவர் மெதுவாக வாசித்தார். கயிறு எங்கே என்று கேட்டார்.

"கேட்டால் சொல்லுங்கோ தம்பி. கேளாததை எழுதத் தேவையில்லை," என்றேன்.

 டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை எனக்குக் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. முகாமையாளர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கண்ணுள்ளவர். நான் அடித்துக் கொடுத்த வாக்குமூலத்தைப் பார்த்த உடனேயே இது லோஞ்சுக்காரரின் கை இல்லை என்று கண்டுகொண்டார். கேட்டதற்கு இவரும் டீச்சர் திருத்தித் தந்தவர் என்று சொல்லிவிட்டார். என் கண் முன்னாலேயே லோஞ்சுக்காரர் இன்னொரு முறை எழுத வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. என் திறமை அவரைக் கள்ளன் ஆக்கிவிட்டது.

ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து மேசையில் இருத்தினார்கள். அவர் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் எழுதினார். நான் எதிர்க் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே புதிய லோஞ்சு கரையோடு கட்டிக் கிடந்தது, பெயின்ற் மணம் உள்ளே வந்தது. அந்தக் கயிற்றை மட்டும் விட்டுவிடட்டும் என்று கோணேசரை வேண்டினேன். ஒரு மாணவர் நன்றாக எழுதிவிடக் கூடாது என்று நான் வேண்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

முகாமையாளர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். கையெழுத்துத் தாளின் நடுவில் விரலை வைத்தார். இந்த இரண்டு வசனமும் மற்றதில் இல்லையே, யார் எடுத்தது என்று கேட்டார். லோஞ்சுக்காரர் நிலத்தைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இருந்தார். என்னைக் காட்டிக் கொடுக்க விரும்பவில்லை என்று விளங்கியது. நான்தான் வெட்டினேன் என்று சொன்னேன். 

முகாமையாளர் கையெழுத்துத் தாளை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, டீச்சர் செய்ததில் பிழையில்லை, தலைமை அலுவலகத்துக்கு இந்த அடித்த தாளையே அனுப்பலாம், மற்றது இந்த அறையோடு போகட்டும் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. தப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

லோஞ்சுக்காரர் எழும்பினார். அடித்த தாளைக் கொடுத்த நாளிலிருந்து தனக்கு நித்திரை இல்லை என்று மட்டும் சொன்னார். மேசையிலிருந்த பேனையை எடுத்து, கையால் எழுதிய தாளின் அடியில் தன் பெயரை எழுதி, முகாமையாளரின் பக்கம் தள்ளிவிட்டார். பெயரின் எழுத்துகள்கூட ஆடவில்லை.

பெரிய லோஞ்சு வேறு ஒருவருக்குப் போனது. சின்ன லோஞ்சையும் எடுத்துவிட்டார்கள். கரையில் நின்று வருகிற லோஞ்சுகளைக் கயிற்றால் கட்டும் வேலைக்கு அவரைப் போட்டார்கள். கிண்ணியா மீனவருக்குப் புதுப் படகு கிடைத்தது.

இனி இந்த மனிதருக்கு இங்கிலிஷ் எதற்கு, வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு காலை எல்லோருக்கும் முதல் வந்து இருந்தார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வெட்டிய மாதிரியே விட்டிருக்கலாமே, இப்போது மனம் நோகவில்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"அந்த மனிசன் தண்ணிக்குள்ள கிடந்து என்னைப் பாத்தவர் டீச்சர். நான் எதைப் பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டு அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சதை எந்தப் பேனையால வெட்டுறது?"

மற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அன்றைக்கென்று எழுதிக் கொண்டுபோயிருந்த சொற்களை நான் கரும்பலகையில் எழுதவில்லை. உங்களுக்கு நடந்தது ஒன்றை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.