பால் சொசைட்டியில் வானிலை

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் பால் சொசைட்டி வரிசையில் நிற்கும்போது, செல்போனில் வானிலை இணையதளத்தைத் திறந்து மற்றவர்களுக்குப் படித்துச் சொல்வது எப்படியோ என் வேலையாகிவிட்டது. அதனால் அதைப் பற்றிய புகார்களும் என்னிடமே வரும்.

“நேத்து மழைன்னீங்களே, எங்கீங்க வந்துச்சு?” என்று கேட்பார்கள், மழையை நான்தான் நிறுத்தி வைத்ததுபோல.

“மாவட்டம் பூரா மஞ்சக் கலர் அடிச்சு வெச்சுடறாங்க. பென்னாகரத்துல பேஞ்சா நம்ம காடு நனையுமா?” என்பார் ஒருவர். ‘ஓரிரு இடங்களில் லேசான மழை’ என்று படித்தால், “அந்த எடம் எதுன்னு போட்டா என்னா கொறஞ்சிடும்?” என்பார் இன்னொருவர். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லோரும் சேர்ந்து திட்டுவார்கள்.

பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் அக்கா மட்டும் திட்டமாட்டார். கேட்டுக்கொண்டு, அதன்படி நடப்பார். போன வருஷம் கனமழை எச்சரிக்கை என்று படித்ததும், கடலை பிடுங்க வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு தூறல்கூட விழவில்லை. சில நாளில் மண் இறுகிப்போய், செடியை இழுத்தால் காய் மண்ணிலேயே தங்கியது. வந்தவரைக்கும் பிடுங்கிக் காயப்போட்டார். காயப்போட்ட அன்று காலை இணையதளத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை என்றுதான் இருந்தது.

மத்தியானம் வத்தல்மலைப் பக்கம் இருட்டியது. நானும் அக்காவும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் காற்று பிடுங்கியது. கொஞ்ச நேரத்தில் இருவரும் இழுப்பதை விட்டுவிட்டு நின்றோம்.

“இப்ப என்னா போட்டிருக்குதுன்னு பாரும்மா” என்றார் அக்கா, கொட்டுகிற மழையில்.

“டவர் இல்லீங்கக்கா.”

சாயந்திரம் பஸ்ஸில் வந்தவர்கள், அடுத்த ஊர் ரோட்டில் புழுதி பறக்கிறது என்றார்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றது பொய்யில்லை. யாரைக் குறை சொல்வது?

அப்புறம் வெயிலே அடிக்கவில்லை. காய் முளைவிட்டது. இணையதளத்தில் கருத்துச் சொல்ல இடம் இருக்கிறதாம், எழுதிப் போடுங்கள் என்றார்கள் சொசைட்டியில். எழுத உட்கார்ந்தேன். ‘எங்கள் ஊரில் பெய்தது’ என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. அதையும் அழித்துவிட்டேன்.

கடலைக் கொடியாவது மாட்டுக்கு ஆகட்டும் என்று அக்கா ஒரு கட்டுத் தூக்கி வந்து போட்டார். கறுத்துப்போன அந்தக் கொடியை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.